இசை மாணவர் உதவித்தொகை: ஒருவருக்கே மொத்தமா, பலருக்குப் பிரித்தா? கூட்டம்தோறும் இதே சண்டை

#1 சுருதிப்பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்னச் சேவைச் சங்கத்துக்குச் செயலராக வந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய சர்வதேச அமைப்பு எதனுடனும் இணைப்பு கிடையாது, தனியாகப் பதிவு செய்த சங்கம். மாதம் இரண்டு கூட்டம், ஆண்டுக்கு ஒரு நிதி திரட்டும் கச்சேரி. அதில் மிஞ்சுவதை இசை படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையாகக் கொடுக்கிறோம்.

இதுவரை நடைமுறை இப்படி: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிஷன். ஆளுக்குப் பத்து நிமிடம், மூன்று நடுவர்கள். முதலில் வருகிற பிள்ளைக்குக் கச்சேரி மேடையில் வைத்துக் காசோலை. அதோடு சரி, அடுத்த ஆண்டு வேறு பிள்ளை.

இந்த முறை உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். பழையபடியே இருக்கட்டும் என்று ஒரு கட்சி. மூன்று நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து கொடுப்போம் என்று இன்னொரு கட்சி. போன கூட்டம் முழுக்க இதைப் பேசியே கலைந்தோம். அதற்கு முந்தின கூட்டமும் அப்படித்தான். போதாக்குறைக்குக் கச்சேரியில் மிஞ்சுவது வேறு ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே வருகிறது.

இந்த மாதிரிச் சங்கங்களில் இருந்தவர்கள், இசைத்துறையில் இருப்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? உதவித்தொகை, நிதி, கூட்டம் மூன்றைப் பற்றியும் சொல்லலாம். திட்டினாலும் பரவாயில்லை.

---

#2 கணக்குப்பிள்ளை

வாருங்கள் செயலரே. திட்டமாட்டேன், கணக்குதான் கேட்பேன். நீண்ட காலம் பொருளாளராக இருந்தவன், பழக்கம் போகாது.

முதல் கேள்வி: உங்களிடம் எத்தனை வங்கிக் கணக்கு? ஒன்றுதான் என்றால் உதவித்தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். உறுப்பினர் சந்தா வேறு, பொதுமக்களிடம் வசூலித்த பணம் வேறு. லயன்ஸ் சங்கங்களில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். நிர்வாகக் கணக்கு ஒன்று, சேவைக் கணக்கு ஒன்று. பொதுமக்களிடம் திரட்டியதில் அந்த நிகழ்ச்சியின் நேரடிச் செலவைக் கழிக்கலாம். மிச்சம் முழுக்கப் பொதுநலனுக்கே போக வேண்டும். கூட்ட அறை வாடகை, கடிதத்தாள், தலைவரின் பயணம் எல்லாம் சந்தாவிலிருந்துதான்.

நீங்கள் அவர்களோடு இணைந்தவர் இல்லை என்பது தெரியும். ஆனாலும் இதைக் காப்பியடிப்பதில் தப்பே இல்லை. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினவர் பிள்ளைகளின் படிப்புக்கு என்று நினைத்துத்தான் வாங்கினார், உங்கள் லெட்டர்பேடுக்காக இல்லை.

இரண்டாவது, கச்சேரியின் வரவு செலவை இங்கே போடுங்கள். தொகை வேண்டாம், விகிதம் போதும். இளைப்பு எங்கே என்று பார்த்துவிடலாம்.

---

#3 மேளகர்த்தா72

பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று நான்கு சங்கங்களுக்கு நடுவராகவும் போயிருக்கிறேன். அதனால் மேஜைக்கு இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

நீங்கள் நடத்துவது போட்டி. கொடுப்பது பரிசு. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், குழப்பமே அங்கேதான். பரிசு நடந்து முடிந்ததற்குக் கொடுப்பது. உதவித்தொகை இனி நடக்க வேண்டியதற்குக் கொடுப்பது. பத்து நிமிடத்தில் நன்றாக வாசிக்கிற பிள்ளை யார்? பெரும்பாலும் ஏற்கெனவே நல்ல வாத்தியம், நல்ல ஆசிரியர், வீட்டில் சாதகம் (பயிற்சி) செய்யத் தனி இடம் எல்லாம் கிடைத்த பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் காசோலை வந்தாலும் வராவிட்டாலும் அது படிக்கத்தான் போகிறது.

இசை படிப்பில் பணம் எங்கே போகிறது என்பது பல உறுப்பினர்களுக்குத் தெரியாது. மாதாமாதம் டீச்சர் ஃபீஸ், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் கால் அளவில் ஆரம்பிப்போம். கை வளர வளர அரை, முக்கால், அப்புறம் முழு வயலின். ஒவ்வொரு முறையும் புது வாத்தியம், பழசை விற்றால் பாதிகூடத் தேறாது. தந்திகள் தேயும். வில்லில் கட்டியிருக்கும் குதிரைமுடியை அவ்வப்போது மாற்ற வேண்டும். மிருதங்கம் என்றால் வேறு கதை. வலந்தலையில் (வலது பக்க முகத்தில்) இருக்கும் கரணை என்ற கருப்புப் பூச்சு உதிர்ந்துவிட்டால், மூட்டு என்ற அந்தத் தோல் பகுதியையே மாற்றாமல் நாதம் வராது. அதோடு ஒரு மிருதங்கம் போதாது. பெண் பாடகிகளுக்கு வாசிக்க ஹெச்சு (உயர்ந்த) சுருதியில் ஒன்று, ஆண் குரலுக்குத் தக்கு (தாழ்ந்த) சுருதியில் ஒன்று. இரண்டாவது மிருதங்கம் இல்லாத காரணத்துக்காகவே வாய்ப்பைக் கைவிட்ட மாணவனை எனக்குத் தெரியும். நல்ல கை அவனுக்கு.

பாடுகிற பிள்ளைக்கு வாத்தியச் செலவு இல்லையே என்பீர்கள். அதற்குப் பக்கவாத்தியம் வேண்டும். தனியாகத் தம்பூரா ஒலியோடு பாடிப் பழகின பிள்ளை, முதல்முறை வயலினும் மிருதங்கமும் கூட வரும்போது தாளத்தில் தடுமாறும். இதற்கு ஒத்திகை வேண்டும், ஒத்திகைக்கு வருகிறவர்களுக்குச் சன்மானம் கொடுக்க வேண்டும். எந்த உதவித்தொகைப் படிவத்திலும் இப்படி ஒரு செலவுத் தலைப்பை நான் பார்த்ததில்லை.

இது எல்லாமே சிறு தொகைகள். ஆனால் விடாமல் வந்துகொண்டே இருக்கும். ஒரே நாளில் பெரிய காசோலை கொடுப்பது இந்தச் செலவின் இயல்புக்கே ஒத்துவராது. ஆகவே என் ஓட்டு பலருக்கு, பல ஆண்டுக்கு.

---

#4 கடைசி_வரிசை

மேளகர்த்தா சார் சொல்வது உருக்கமாக இருக்கிறது, ஆனால் சங்கம் நடத்துகிறவன் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

நன்கொடை தருகிறவர் ஒரு முகத்தைப் பார்க்க விரும்புகிறார். மேடையில் ஒரு பெண் ஏறி, ஒரு ஆலாபனையில் அரங்கத்தையே கட்டிப்போடுகிறாள். கீழே உட்கார்ந்திருக்கிறவர் அங்கேயே செக் புத்தகத்தை எடுக்கிறார். நான் கண்ணால் பார்த்தது. "நான்கு பிள்ளைகளுக்கு வில்முடி மாற்றினோம்" என்று அறிக்கை வாசித்தால் எவன் பணம் தருவான்?

அப்புறம், பிரிக்கிறோம் பிரிக்கிறோம் என்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் அது ஒருவருக்கும் உதவாது. உண்மையான திறமை ஒன்றே ஒன்று வந்தால்கூட அதை உயரத்துக்குக் கொண்டுபோகப் பணம் இருக்காது. எல்லாரையும் திருப்திப்படுத்துவது வேறு, இசையை வளர்ப்பது வேறு.

---

#5 மேளகர்த்தா72

கடைசி வரிசையிலிருந்து முதல் கல் வந்துவிட்டது, நல்லது.

முகம் வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரே பிள்ளை மூன்று ஆண்டு தொடர்ந்து உங்கள் மேடைக்கு வந்தால் நன்கொடையாளர் அந்த முகம் வளர்வதைப் பார்ப்பாரே? முதல் ஆண்டு ஒரு வர்ணம், மூன்றாம் ஆண்டு ஒரு ராகம் விஸ்தாரமாக. இதைவிட நல்ல அறிக்கை எது? இப்போது நீங்கள் காட்டுவது ஆண்டுக்கு ஒரு புதுமுகம். போன ஆண்டுப் பிள்ளை இப்போது பாடுகிறதா, விட்டுவிட்டதா என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

"ஆளுக்குக் கொஞ்சம்" என்பதில் உங்கள் பயம் நியாயம். அதனால்தான் நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்கிறேன். நாற்பது பேருக்குச் சான்றிதழ் கொடுக்கச் சொல்லவில்லை.

---

#6 பழைய_ஃபைல்

சங்க வரலாறுகளைப் படிப்பது என் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சண்டைக்குக் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன்.

சேவைச் சங்கங்களுக்கும் பாட்டுக்கும் உறவு ஆரம்பத்திலேயே இருக்கிறது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு உட்கார்ந்து பேசியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாற்றி மாற்றிச் சுழற்சி முறையில் கூடியதால் அந்தப் பெயர். சீக்கிரமே ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் சேர்ந்தார். கூட்டத்தில் எல்லாரையும் எழுப்பிப் பாடவைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் இசைக்கு உதவித்தொகை என்பது அவர்கள் மனதில் அப்போது இல்லை. பேச்சு சூடாகாமல் இருக்கத்தான் பாட்டோ என்னவோ!

நிதி விஷயம் இதைவிடச் சுவாரசியம். 1917இல் ஆர்ச் கிளம்ப் என்ற ரோட்டரி தலைவர், நல்ல காரியங்களுக்காக நிரந்தர நிதி ஒன்று வேண்டும் என்று மாநாட்டில் சொன்னார். அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட், கன்சாஸ் சிட்டி சங்கம் கொடுத்தது. அதற்குப் பிறகும் அந்த நிதி பல ஆண்டுகள் பெரிதாக வளரவில்லை. 1947இல் பால் ஹாரிஸ் இறந்த பிறகுதான் அவர் நினைவாக நன்கொடைகள் குவிந்தன. அந்தக் கல்வியாண்டிலேயே 18 மாணவர்களுக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு உதவினார்கள். நிதி ஆரம்பித்து முப்பது ஆண்டு கழித்துத்தான் முதல் மாணவர்! செயலர் அவர்களே, உங்கள் சங்கம் மெதுவாகப் போகிறதே என்று கவலைப்படாதீர்கள்.

இசைக்கு வருகிறேன். இன்று ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்தில் உதவித்தொகை உண்டு. ஆனால் அது முதுநிலைப் படிப்புக்கு, குறைந்தபட்சத் திட்ட மதிப்பு 30,000 டாலர், அதுவும் அவர்கள் வகுத்த ஏழு துறைகளுக்குள் இருக்க வேண்டும்: அமைதி, நோய்த் தடுப்பு, நீரும் சுகாதாரமும், தாய்சேய் நலம், அடிப்படைக் கல்வி, பொருளாதார மேம்பாடு, சுற்றுச்சூழல். இதில் இசை எங்கே? இல்லை. ஆகவே அந்தப் பெரிய மானியம் இசை மாணவர்களுக்கு எட்டாது, உள்ளூர், மாவட்ட அளவில் செய்தால்தான் உண்டு. உங்களைப் போன்ற சின்னச் சங்கங்கள் அற்பமான வேலை செய்யவில்லை. அந்தப் பெரிய மானியம் தொடாததைத்தான் செய்கிறீர்கள்.

---

#7 அரைத்தாளம்

பேச்சு சூடாகாமல் இருக்கப் பாட்டு என்றால், செயலரே, போன இரண்டு கூட்டத்திலும் நீங்கள் பாடியிருக்க வேண்டியதுதானே? :)

---

#8 சுருதிப்பெட்டி

@அரைத்தாளம் நான் பாடினால் பாதிப் பேர் எழுந்து ஓடி, கூட்டம் செல்ல வேண்டிய கோரம் (குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) போய்விடும்.

@கணக்குப்பிள்ளை சார், பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரே வங்கிக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். கச்சேரியில் வரவு மூன்று வழி: டிக்கெட், விழா மலர் விளம்பரம், இரண்டு மூன்று ஸ்பான்சர். செலவில் பெரிய தலை அரங்க வாடகையும் ஒலி அமைப்பும். அடுத்தது முதன்மைக் கலைஞரின் சன்மானம். மூன்றாவதுதான் ஆச்சரியம், மலர் அச்சடிப்பு. மலருக்கு வந்த விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி அந்த மலரை அச்சடிக்கவே போயிருக்கிறது. எல்லாம் போக வரவில் பாதிகூடக் கையில் நிற்கவில்லை.

இன்னொன்று. டிக்கெட்டில் கணிசமான பங்கு உறுப்பினர்களே வாங்கினது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு கொடுத்து விற்கச் சொல்வோம். விற்க முடியாதவர்கள் தாங்களே பணம் கட்டிவிடுவார்கள்.

---

#9 கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் அது நிதி திரட்டல் இல்லை ஐயா, உறுப்பினர்களே போட்ட பணத்தைச் சுற்றிவளைத்து அரங்கக்காரருக்கும் அச்சகத்துக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வது. கட்டு டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் உறுப்பினர் அதே தொகையை நேராக நன்கொடையாகக் கொடுத்திருந்தால் முழுசும் பிள்ளைகளுக்குப் போயிருக்கும்.

கச்சேரியை நிறுத்தச் சொல்லவில்லை. கச்சேரி சங்கத்தின் முகம், அதைப் பார்த்துத்தான் புது ஆட்கள் வருவார்கள். ஆனால் அதற்குச் செலவு தாங்கிகளை முதலில் பிடியுங்கள். அரங்கம் ஒருவர், ஒலி அமைப்பு ஒருவர், அழைப்பிதழ் ஒருவர் என்று பொருளாகவே கேளுங்கள். பணமாகக் கேட்டால் யோசிக்கிறவர் பொருளாகக் கேட்டால் சரி என்பார், ஏனென்றால் அவருக்கு அது அடக்க விலையில் முடிந்துவிடும். செலவு முழுக்க ஸ்பான்சரில் அடங்கினால்தான் "டிக்கெட் பணம் முழுவதும் மாணவர்களுக்கே" என்று போஸ்டரில் தைரியமாகப் போடலாம். அந்த ஒரு வரியே டிக்கெட் விற்கும். மலரை இப்போதே நிறுத்துங்கள். விளம்பரதாரர் பெயரைத் திரையில் ஓடவிட்டால் போதும்.

பல ஆண்டு உதவித்தொகைக்குக் கச்சேரிப் பணத்தை மட்டும் நம்பவே கூடாது. மழை பெய்தால் போச்சு, பாடகருக்குத் தொண்டை கட்டினால் போச்சு. ஒரு பிள்ளையிடம் "மூன்று ஆண்டு தருகிறோம்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் ஆண்டு கையை விரிப்பது, கொடுக்காமலே இருப்பதைவிட மோசம். அதனால் மாதச் சந்தாதாரர்களைச் சேருங்கள். சின்னத் தொகைதான், வங்கியிலிருந்து தானாகப் போகிற மாதிரி. முப்பது பேர் சேர்ந்தால் அதில் ஒரு பிள்ளையின் ஆசிரியர் கட்டணம் நிச்சயமாக அடங்கும்.

யாராவது ஒருவர் எழுந்து "நிரந்தர வைப்பு போட்டு வட்டியில் கொடுக்கலாமே" என்பார். எல்லாச் சங்கத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு கணக்குக் காட்டுங்கள். ஒரு பேச்சுக்கு வட்டி 7 சதவீதம், விலைவாசி ஏற்றம் 5 சதவீதம் என்று வைப்போம். வட்டி முழுவதையும் செலவழித்தால் மூலதனத்தின் மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் கரையும், பதினான்கு பதினைந்து ஆண்டில் பாதியாகிவிடும். மதிப்பு குறையாமல் இருக்க வேண்டுமென்றால் 2 சதவீதம்தான் செலவழிக்கலாம். அதாவது ஆண்டுக்கு ஒரு பங்கு கொடுக்க ஐம்பது பங்கு முடங்கிக் கிடக்க வேண்டும். அவ்வளவு பணம் இருக்கிற சங்கம் இப்படி இழை போட்டு யோசனை கேட்காது. உங்களுக்கு வேண்டியது நிரந்தர நிதி இல்லை. ஏற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கான தொகை எப்போதும் கையில் இருக்க வேண்டும், அது போதும். அதற்கு மேல் மிஞ்சினால் மட்டும் புதுப் பிள்ளை.

---

#10 வில்லிசை_இல்லை_வயலின்

நான் வாங்கின பக்கத்திலிருந்து பேசுகிறேன். எந்த அமைப்பு என்று சொல்லமாட்டேன்.

கல்லூரியில் இசை படிக்கும்போது ஒரு சங்கத்தின் உதவித்தொகை கிடைத்தது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: "உங்கள் குடும்பத்தின் ஏழ்மை நிலையை 300 சொற்களில் விவரிக்கவும்." அம்மாவிடம் காட்டவில்லை. நானே எழுதினேன். அப்புறம் மேடையில் என்னை அறிமுகப்படுத்தினவர் அதிலிருந்து இரண்டு வரி எடுத்து மைக்கில் வாசித்தார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

காசோலை நிஜம்தான், அதில் நல்ல வில் ஒன்று வாங்கினேன், இன்றும் அதில்தான் வாசிக்கிறேன். நன்றி இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அதற்கப்புறம் அந்தச் சங்கத்தின் ஒவ்வொரு விழாவிலும் கடவுள் வாழ்த்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பரீட்சை வாரத்தில்கூட. சன்மானம் கிடையாது, "நம்ம பிள்ளைதானே" என்பார்கள். இரண்டாம் ஆண்டு உதவி உண்டா என்று கேட்டபோது, அது வேறு மாணவருக்கு என்றார்கள். விழாவுக்கு மட்டும் நான்.

உண்மையில் பெரிய உதவி செய்தவர் அந்தச் சங்கத்திலேயே பின்வரிசையில் இருந்த ஓர் உறுப்பினர். தன் அலுவலகத்தின் மாடியில் ஒரு காலி அறையை மாலை நேரத்தில் திறந்துவிட்டார், சாதகம் செய்ய. வீட்டில் ஆறு பேர், இரண்டு அறை, எங்கே வாசிப்பது? அந்த அறையின் சாவிதான் என்னைப் படிப்பை முடிக்க வைத்தது. பணமாகவே கொடுக்க வேண்டும் என்று இல்லை, செயலர் சார்.

---

#11 மேளகர்த்தா72

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை, அம்மா.

செயலரே, அந்த 300 சொல் கேள்வி உங்கள் படிவத்தில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். தேவை இருக்கிறதா என்று தெரிய வருமானச் சான்றும் ஆசிரியரின் ஒரு கடிதமும் போதும். அதையும் இரண்டு பேர் மட்டும் பார்க்கட்டும். மேடைக்கு வருவது இசையைப் பற்றிய விவரம் மட்டும்: யாரிடம் படிக்கிறது, என்ன வாசிக்கப்போகிறது. விழாவில் பாடக் கூப்பிட்டால் சன்மானம் கொடுங்கள், மறுத்தால் மறுக்கட்டும் என்று எழுத்திலேயே போடுங்கள்.

---

#12 திரைக்குப்பின்

தேர்வு எப்படி என்பதை இன்னும் யாரும் தொடவில்லையே. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952இலேயே திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்து ஆள் எடுத்துப் பார்த்தது. நடுவர்களுக்கு முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. நடந்து வரும் காலணிச் சத்தத்தில் பெண் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று சில குழுக்களில் தரையில் கம்பளம்கூட விரித்தார்கள். நம் சங்கங்களிலும் செய்யலாமே? யாருடைய பேத்தி என்று தெரியாமல் மதிப்பெண் போடட்டும்.

---

#13 மேளகர்த்தா72

திரை நல்லது, ஆனால் நம் இசையில் அது பாதிதான் மறைக்கும். ஒரு பிள்ளை நான்கு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றுவது) பாடினால் போதும், இது இன்னாருடைய சிஷ்யை என்று நடுவருக்குத் தெரிந்துவிடும். பாணியைத் திரை போட்டு மறைக்க முடியாது. அதைவிட எளிய விதி இருக்கிறது: நடுவரின் மாணவரோ, நடுவருடைய குருவின் மாணவரோ வந்தால் அந்த நடுவர் எழுந்து வெளியே போக வேண்டும், மதிப்பெண் போடக் கூடாது. மூவரில் ஒருவர் வேறு வாத்தியக்காரராக இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடிஷனை ஒரே நாளோடு முடிக்காதீர்கள். முதல் சந்திப்பில் வாசிக்கட்டும். நடுவர் ஒரு சின்ன விஷயத்தைத் திருத்திச் சொல்லட்டும், இந்தக் கமகம் (ஸ்வரத்தை அசைக்கும் விதம்) இப்படி, இந்த இடத்தில் வில்லை இப்படி. மூன்று வாரம் கழித்து அதே உருப்படியை மறுபடி வாசிக்கட்டும். சொன்னதை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதில் மாணவர் யார் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். முதல் நாள் அசத்தின பிள்ளை அப்படியே இருக்கும், சுமாராக வாசித்தது எங்கேயோ போயிருக்கும். உதவித்தொகை யாருக்கு வேண்டும் என்பது அப்போது தெரியும்.

---

#14 கடைசி_வரிசை

இரண்டு சந்திப்பு யோசனை எனக்கே பிடித்திருக்கிறது. மற்றதில் என் கருத்து மாறவில்லை. சிறந்தவருக்கு ஒரு மேடை வேண்டும், கைத்தட்டல் வேண்டும். போட்டியே இல்லாமல் போனால் கச்சேரிக்கு ஒரு கிளுகிளுப்பும் இருக்காது. வேண்டுமானால் பரிசை வைத்துக்கொண்டு தொகையைக் குறையுங்கள், உதவித்தொகையைத் தனியாக நடத்துங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டாம்.

---

#15 கூட்டத்துக்கு_லேட்

பெயருக்கேற்ற மாதிரி தாமதமாக வந்திருக்கிறேன். யாரும் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. செயலருக்கு அதுதான் உண்மையான தலைவலி என்று எனக்குப் படுகிறது.

இரண்டு கூட்டம் பேசி முடிவு வராததற்குக் காரணம் ஒன்றுதான்: மேஜையில் தீர்மானம் எதுவும் இல்லை. "உதவித்தொகை பற்றி விவாதம்" என்று அஜெண்டாவில் போட்டால் விவாதம்தான் நடக்கும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், அது கையை மீறிப் போனதைப் பார்த்துத்தான் கூட்ட விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார். 1876இல் புத்தகமே போட்டுவிட்டார். அதில் அடிப்படை இதுதான்: முன்மொழிவு ஒன்றை ஒருவர் வைக்க வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சு. ஒரு முன்மொழிவு முடியும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது.

நடைமுறையில்: மூன்று பேர் கொண்ட உபகுழு, அதில் கடைசி_வரிசை மாதிரி ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். அவர்கள் அறிக்கை தர வேண்டாம், ஒரு பக்கத் தீர்மான வரைவு தரட்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் போகட்டும். போன கூட்டக் குறிப்பை உரக்க வாசிக்கும் சடங்கை விடுங்கள், அதுவும் கூடவே போகட்டும். கூட்டத்தில் திருத்தம் மட்டும் கேளுங்கள்.

ஆள் வரவில்லை என்ற கவலை இருந்தால், ரோட்டரியே 2016இல் தன் சங்கங்களுக்கு நிறையத் தளர்வு கொடுத்துவிட்டது. வாரா வாரம் கூடியே தீர வேண்டும் என்ற பழைய கட்டாயம் இல்லை, மாதம் இரண்டு போதும், இணையத்திலும் கூடலாம். உங்களுக்கு மாதம் இரண்டு கூட்டம் என்றால் ஒன்றில் அலுவல், மற்றொன்றில் உதவி பெறும் பிள்ளை ஒன்று வந்து இருபது நிமிடம் வாசிக்கட்டும், சன்மானத்தோடு. உறுப்பினர்கள் தாமாக வருவார்கள்.

---

#16 அரைத்தாளம்

லயன்ஸில் டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவியே உண்டு. கூட்டத்தைக் கலகலப்பாக வைப்பதும் சின்னச் சின்னச் சாக்குச் சொல்லி உறுப்பினர்களுக்கு அபராதம் போடுவதும் வேலை. ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கூடாது. ஆனால் டெயில் ட்விஸ்டருக்கு அபராதம் போட வந்திருக்கும் எல்லாரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்! இந்த வேலைக்கு நான் தயார்.

---

#17 கணக்குப்பிள்ளை

வசூலித்ததை உடனே பொருளாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது தம்பி.

---

#18 சுருதிப்பெட்டி

உபகுழு போட்டுவிட்டோம். பழைய கட்சியின் மூத்தவரையே அழைப்பாளராகப் போட்டதில் பாதிச் சண்டை அடங்கிவிட்டது. வரைவு இது, கிழித்துத் தொங்கவிடுங்கள்:

"சங்கம் ஆண்டுதோறும் கச்சேரி மேடையில் இளம் கலைஞர் பரிசு ஒன்றை வழங்கும். இதற்கான தொகை ஸ்பான்சரிடமிருந்து மட்டுமே பெறப்படும். இதிலிருந்து வேறாக, இசை மாணவர் உதவித்தொகை என ஒரு திட்டம் நடத்தப்படும். ஒரே நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மிகாமல், ஒவ்வொருவருக்கும் மூன்று ஆண்டு. தொகை ஆசிரியர் கட்டணம், வாத்தியப் பராமரிப்பு, பக்கவாத்திய ஒத்திகை ஆகியவற்றுக்காக ஆசிரியரிடம் நேரடியாக வழங்கப்படும். உதவித்தொகைக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கப்படும். மாணவரின் குடும்பப் பொருளாதார விவரம் எந்த மேடையிலும் வெளியீட்டிலும் இடம்பெறாது."

---

#19 வில்லிசை_இல்லை_வயலின்

கடைசி வரிக்கு நன்றி சார்.

ஒரே ஒரு திருத்தம். "ஆசிரியரிடம் நேரடியாக" வேண்டாம். ஆசிரியர் நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பிள்ளை வேறு ஆசிரியரிடம் மாற நினைத்தால் பணம் பழைய ஆசிரியரிடம் மாட்டிக்கொள்ளும், மாறவே பயப்படும். உதவித்தொகை பிள்ளையின் பின்னால் போகட்டும். ரசீது மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

---

#20 மேளகர்த்தா72

ஆசிரியனாக நானும் இதை வழிமொழிகிறேன். ஆனால் ரசீதுக்குப் பிறகு பணம் என்றால், முதலில் போடக் கையில் பணம் இல்லாத வீடு என்ன செய்யும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, அடுத்த தவணைக்கு முன்னால் ரசீது கேளுங்கள். வில் முடியும் மூட்டும் பார்க்கிற பட்டறைக்காரர் பலர் அச்சடித்த ரசீது தரமாட்டார்கள், கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

---

#21 கணக்குப்பிள்ளை

துண்டுச்சீட்டா! சரி, ஒரு வரம்பு வரைக்கும் ஏற்கலாம், அதைப் பொருளாளர் முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். ஆடிட்டர் முகம் சுளிப்பார், சமாளித்துக்கொள்ளலாம்.

"தனி வங்கிக் கணக்கு" என்ற இடத்தில் இரண்டு பேர் கையெழுத்து என்று சேருங்கள், அதில் ஒருவர் உபகுழுவில் இல்லாதவராக இருக்க வேண்டும். "மூன்று ஆண்டு" என்ற இடத்தில் "மூன்று ஆண்டுக்கான தொகை கையிருப்பில் இருந்தால் மட்டுமே புதிய மாணவர் சேர்க்கப்படுவார்" என்று போடுங்கள். அது இல்லாவிட்டால் உற்சாகத்தில் முதல் ஆண்டே மூன்று பேரையும் எடுத்துவிடுவீர்கள்.

---

#22 கடைசி_வரிசை

பரிசுத் தொகைக்கு ஸ்பான்சர் நான் பிடித்துத் தருகிறேன், இங்கே இவ்வளவு வாதாடினதற்கு அதாவது செய்ய வேண்டாமா. தனிச்செய்தியில் விவரம் அனுப்புங்கள்.

---

#23 கூட்டத்துக்கு_லேட்

செயலரே, வாக்கெடுப்புக்கு முன்னால் உங்கள் துணைவிதியை எடுத்துப் பாருங்கள். உதவித்தொகை முறை அதிலேயே எழுதியிருந்தால் சாதாரணத் தீர்மானம் செல்லாது. திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பங்கு ஆதரவு என்று தனி விதி இருக்கும். தோற்ற கட்சி பிற்பாடு அதைத்தான் தோண்டியெடுக்கும்.

---

#24 சுருதிப்பெட்டி

பார்த்தேன். துணைவிதியில் "ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு" என்றே இருக்கிறது. திருத்தத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு, வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே அடுத்த கூட்டத்தில் இல்லை, அதற்கடுத்த கூட்டத்தில்தான் வாக்கெடுப்பு. அறிவிப்பு இன்று இரவு போகிறது. #19 முதல் #21 வரை சொன்ன திருத்தங்களோடு.